குளத்துக்கு அரைமணி

மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. கூடத்தில் அமர்ந்திருந்த பெண்கள் முந்தானையாலும் ஜெபப் புத்தகத்தாலும் விசிறிக்கொள்ளத் தொடங்கினர். டெபோரா மட்டும் எழுந்தாள். மாமனாரின் உடல் கிடத்தப்பட்டிருந்த குளிர்பெட்டியைச் சுற்றிக்கொண்டு, நாற்காலிகளில் இடித்தவாறு வாசலை நோக்கி ஓடினாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒரு கணம் அறுந்து, பிறகு முன்னைவிட உரத்து ஒலித்தது.

வாசலுக்கும் மதிற்சுவருக்கும் நடுவே, வேறு வீடுகளில் கார் நிற்கும் இடத்தில், மாமனார் சவுரிமுத்து கட்டிய குளம் இருந்தது. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், இடுப்புக்கு மேல் ஆழம். மோட்டார் ஓடும்வரை வடிகட்டியிலிருந்து சிற்றருவி ஒன்று கொட்டும்; அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் எழும். இப்போது அருவி சொட்டுச் சொட்டாக வடிந்து ஓய்ந்துகொண்டிருந்தது. குமிழிகள் நின்றிருந்தன. ஒன்பது கோய் வண்ணமீன்களும் அருவி விழும் மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. நீரில் காற்றுக் குறைவதன் அடையாளம் அது; அந்த நெருக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மணி பதினொன்றேகால். கிழக்குத் தாம்பரத்தின் அந்தப் பகுதிக்கு அன்று மாதாந்திரப் பராமரிப்பு நாள். ஒன்பது முதல் நான்கு வரை மின்சாரம் இராது என்று முன்தினமே செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். ஆகவே குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்தபோதே ஒரு சிறிய ஜெனரேட்டரையும் சேர்த்துச் சொல்லியிருந்தாள் ஏஞ்சல். அவள் சவுரிமுத்துவின் மகள், டெபோராவின் நாத்தனார். விடிந்தது முதல் வீட்டை நடத்துகிறவளும் அவளே. மின்விசிறிகளுக்கும் குளத்து மோட்டாருக்கும் வீட்டு இன்வெர்ட்டர் போதும் என்று கணக்கிட்டிருந்தாள். அதன் பேட்டரி பழையது என்பதை டெபோரா ஒன்பது மணிக்கே அவளிடம் எடுத்துச் சொன்னாள். ஃபேன்களை நிறுத்தினால் மோட்டாராவது மாலைவரை ஓடும் என்றாள்.

"அறுபது பேரு உக்காந்திருக்காங்க அண்ணி," என்று ஏஞ்சல் குரலை உயர்த்தாமல் சொன்னாள். "மீனுக்காக ஃபேன நிறுத்துன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அதற்குமேல் பேசத் தனக்குத் தகுதி இல்லை என்று டெபோரா நம்பினாள்.

முன்தினம் மாலை ஏழு மணிக்கு, வடிகட்டியின் பஞ்சைக் கழுவுவதற்காக மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியவள் அவள்தான். கழுவிக்கொண்டிருக்கையில் தோஹாவிலிருந்து கணவன் ஜெஃப்ரி அழைத்தான். பேசி முடித்தாள். பஞ்சைத் திரும்ப அடுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிளக்கைச் செருகவில்லை. அதிகாலை ஐந்தரைக்கு அவள் கதவைத் திறந்தபோது அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பிளக் செருகப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, குளத்தின் விளிம்பில், சுவரில் சாய்ந்தபடி சவுரிமுத்து உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்கு முன் ஒருநாளும் படுக்கையைவிட்டு எழாதவர். மருத்துவர் வந்து, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்த இதயம்; எனவே எவரும் வேறொன்றும் கேட்கவில்லை. ஜெஃப்ரி மட்டும் தொலைபேசியில் கேட்டான், அந்த நேரத்துக்கு அப்பா ஏன் வெளியே போனார் என்று. அவள் பதில் சொல்வதற்குள், விமானத்துக்கு அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டான்.

அருவியின் ஓசை இல்லாததே அவரை எழுப்பியிருக்க வேண்டும். அது டெபோரா ஒருத்திக்குத்தான் தெரியும். இந்த மீன்கள் இன்று செத்துவிட்டால் அவர் எழுந்து வந்ததும் வீணாகிவிடும். அதை மட்டும் தன்னால் சுமக்க இயலாது என்று அவளுக்குத் தோன்றியது.

மதிலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் அருகில், கீழ்க்கட்டளையிலிருந்து குளிர்பெட்டி கொண்டுவந்த அன்பு, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். மோட்டாரையும் இதில் இணைக்க முடியுமா என்று அவள் கேட்டாள்.

"ரெண்டும் தாங்காதுக்கா," என்றான் அவன். "சின்ன மிசின் இது. காலைலயே சொருவிப் பாத்தேன், பொட்டியும் சேந்து நின்னுபூச்சு. பொட்டி நின்னா உங்க வூட்ல என்னையப் பொட்டில வெச்சிடுவாங்க."

வேறொரு ஜெனரேட்டர் கிடைக்குமா என்றும் கேட்டாள். அவன் நான்கு இடங்களுக்குப் போன் போட்டான். ஏரியா முழுவதும் மின்சாரம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்துக்கே கிடைக்காமல் அல்லாடுகிறார்கள் என்று கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

டெபோரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தின் விளிம்பில் ஏறினாள். வாளியால் நீரை மொண்டாள். தலைக்கு மேல் உயர்த்தி, நீர் சிதறி விழும்படி ஊற்றினாள். மறுபடியும் மொண்டாள். விழுகிற நீர் காற்றைச் சேர்த்துக்கொண்டு போகும். மோட்டார் பழுதான ஒரு பிற்பகலில் சவுரிமுத்துவும் அவளும் முறை வைத்துக்கொண்டு அப்படித்தான் ஊற்றினார்கள்.

அவளும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் இந்தக் குளத்தைப் பற்றி மட்டும்தான். டெபோராவின் வீட்டார் வேறு சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கரான சவுரிமுத்து மகனின் திருமணத்துக்கு வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜெஃப்ரி தோஹாவுக்குப் போனபோது, ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்து விடப்பட்டனர். முதல் ஆறு மாதம் தட்டு வைக்கும் ஓசையும் கதவு சாத்தும் ஓசையுமே அவர்களது உரையாடல். பிறகு அவருக்குக் கண்ணில் அறுவை நடந்தது. இரண்டு வாரம் குனியக் கூடாது என்றார்கள். அன்று மாலை அவர் அவள் முகத்தைப் பாராமல், "ஒரு புடி தீனி போதும். மேல மிதக்கவிடாத," என்றார். அங்கிருந்து தொடங்கியது. தண்ணீர் பச்சையாக இருக்கிறது. கறுப்பு மீன் சரியாகத் தின்னவில்லை. வெயில் கூடிவிட்டது, நிழல்வலை கட்ட வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாள்களில்கூட, "இன்னிக்குக் குளத்த நான் பாத்துக்குறேன்," என்றுதான் சொன்னாரே தவிர, உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

பன்னிரண்டரை மணிக்கு வெயில் குளத்தின் பாதியைப் பிடித்தது. இரவின் குளிர்ச்சியில் தாங்கிய மீன்கள் இந்த வெப்பத்தில் தாங்காமல் மேலே வந்துவிட்டன. வாயை நீருக்கு வெளியே நீட்டி நீட்டிக் காற்றை விழுங்கின. வாளியைத் தூக்கித் தூக்கி டெபோராவின் தோள்பட்டை மரத்துப்போனது. சேலை இடுப்புவரை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாலை போட வந்தவர்கள் செருப்பைக் கழற்றியபடியே அவளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காதவர்களைப் போல உள்ளே போனார்கள்.

குன்றத்தூரிலிருந்து வந்திருந்த கன்னியம்மா மட்டும் அப்படிப் போகவில்லை. அவள் சவுரிமுத்துவின் அக்கா. வாசற்படியில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி உள்ள கட்டையா கீறான். இவ இன்னாடான்னா மீனுக்குக் குளிப்பாட்டிக்கினு கீறா. ஏம்மா, உனக்கு ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி வர்ல, வாளி வாளியா தண்ணி மட்டும் வருதா?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கினாள். டெபோரா வாளியை நிறுத்தவில்லை.

ஒரு மணிக்கு, மஞ்சள் நிறத்தில் கையளவே இருந்த ஒன்று, வயிறு மேலாகத் திரும்பி மிதந்தது. அவள் அதை எடுத்துச் சுவரோரம் வைத்து, வேப்பிலைக் கொத்து ஒன்றால் மூடினாள். மீதி எட்டு. அதன்பிறகு வாளியின் வேகம் கூடியது. எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள்.

இரண்டு மணியளவில் தண்ணீர் லாரி வந்தது. மின்சாரம் இல்லாததால் வீட்டு மோட்டாரும் ஓடவில்லை. வந்தவர்களுக்குக் கைகால் கழுவவும் நீரில்லை. ஏஞ்சலின் கணவன் ஆல்வின்தான் லாரிக்குச் சொல்லியிருந்தான். நல்ல மனிதன், காலை முதல் நாற்காலி தூக்குவதும் காபி கொடுப்பதுமாக இருந்தான். டெபோரா தனியாகத் திண்டாடுவதைப் பார்த்து அவன் மனம் இளகியது. புதுத் தண்ணீர் பாய்ந்தால் மீனுக்கு நல்லதுதானே என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேளாமல், லாரியின் பருத்த குழாயை மதில்மேல் தூக்கிப் போட்டு, அதன் வாயைக் குளத்துக்குள் இறக்கினான்.

குளோரின் நெடி டெபோராவின் மூக்கில் ஏறியது. அந்த நீர் செவுளை வேகவைத்துவிடும். அவள் வாளியை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். குழாயை அவன் கையிலிருந்து பறித்தாள். பறித்த வேகத்தில் அது துள்ளி, ஆல்வினின் வெள்ளைச் சட்டையையும், வாசலில் வைத்திருந்த மலர்வளையங்களையும், உள்ளே நுழைந்துகொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரீகளையும் நனைத்தது.

"கைய எடுங்க," என்று அவள் கத்தினாள். "யாரக் கேட்டு விட்டீங்க?"

கூடத்தில் ஜெபம் நின்றது. இம்முறை திரும்பத் தொடங்கவில்லை. ஆல்வின் கைகளை உயர்த்தியபடியே பின்வாங்கினான். லாரிக்காரர் வால்வை மூடினார். ஏஞ்சல் வெளியே வந்தாள். கணவனின் சட்டையைப் பார்த்தாள். கன்னியாஸ்திரீகளிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே அனுப்பினாள். கதவைப் பின்னால் சாத்தினாள். அதன்பிறகே குளத்தை நோக்கி நடந்தாள்.

டெபோரா அதற்குள் நீருக்குள் இறங்கியிருந்தாள். குளத்திலேயே பெரியது, வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்டது, ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டது. உருவில் பெரியவற்றுக்குத்தான் காற்று அதிகம் வேண்டும். அவள் அதை இரு கைகளாலும் ஏந்தி நிமிர்த்தி, செவுள்களுக்குள் நீர் புகும்படி முன்னும் பின்னுமாக மெல்ல நடத்திக்கொண்டிருந்தாள்.

"போதும் அண்ணி," என்றாள் ஏஞ்சல். "காலைலேர்ந்து பாத்துகிட்டே இருக்கேன். அப்பா பக்கத்துல நீங்க பத்து நிமிஷம் உக்காரல. இந்தத் தொட்டியாலதான் அவரு போனாரு. விடியக்காலைல அதத் தேடித்தானே வந்தாரு? நாளைக்கே மண்ணப் போட்டு மூடச் சொல்றேன். இப்ப மேல ஏறுங்க."

டெபோரா மீனை விடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தொட்டியால இல்ல, என்னால. நேத்து சாயங்காலம் பஞ்சு கழுவ நான்தான் பிளக்கப் புடுங்கினேன். திருப்பிப் போட மறந்துட்டேன். ராத்திரி பூரா ஓடல. சத்தம் வரலைன்னு எழுந்து வந்திருக்காரு. பிளக்கப் போட்டுட்டு உக்காந்தவரு, அப்படியே…"

சொற்கள் அங்கே நின்றன. கைகள் நிற்கவில்லை. மீன் முன்னே போயிற்று, பின்னே வந்தது.

குளத்தின் விளிம்பில், அதிகாலையில் தன் தந்தை அமர்ந்திருந்த இடம் எது என்று ஏஞ்சலுக்குக் காலையிலேயே காட்டியிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். மேலே சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தாள். அவள் அடிக்க வருவாள் என்றுகூட டெபோரா எதிர்பார்த்தாள். வந்தால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தாள்.

ஏஞ்சல் திரும்பி வாயிற்கதவைத் திறந்து வெளியே போனாள்.

"பாக்ஸ ஆஃப் பண்ணா எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று அவள் அன்புவிடம் கேட்பது காதில் விழுந்தது.

"மூடியத் தொறக்காம இருந்தா அர மணி தாங்கும்க்கா. அதுக்கு மேல என்னையக் கேக்காத."

"அப்ப அரை மணி மோட்டாருக்குப் போடு. அரை மணி பாக்ஸுக்கு. மாத்தி மாத்தி."

"யாராச்சும் கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லு. அது எங்கப்பா."

அன்பு இரண்டு இணைப்புகளையும் மாற்றிச் செருகினான். வடிகட்டி இருமுறை விக்கியது. பிறகு அருவி விழத் தொடங்கியது. ஏஞ்சல் உள்ளே போய், குளிர்பெட்டியின் தலைமாட்டில் நின்று, கண்ணாடி மூடியின்மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். முகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எவர் கெஞ்சினாலும் மூடியைத் தூக்க விடவில்லை. கன்னியம்மா விவரம் தெரிந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு, பெற்ற மகளே இப்படிச் செய்வாளா என்று கேட்டாள். கண்ணாடியில் நீர்ப்பனி படர்ந்து சவுரிமுத்துவின் முகத்தை மறைக்கும்போதெல்லாம் ஏஞ்சல் முந்தானையால் துடைத்துவிட்டாள். அரை மணிக்கு ஒருமுறை சன்னல் வழியாக அன்புவுக்குக் கை காட்டினாள். குளத்தின் முறை முடிந்து பெட்டியின் முறை வந்ததும், வெளியே டெபோரா ஒரு கையால் மீனைத் தாங்கிக்கொண்டே மறுகையால் வாளியை எடுத்தாள்.

மூன்றே முக்காலுக்குப் பெரிய மீன் அவள் கையைவிட்டு நழுவி, கோணலாக, ஒரு பக்கம் சாய்ந்தபடியே நீந்தி, அருவியின் அடியில் போய் நின்றது. பிழைக்குமா என்பது மறுநாள்தான் தெரியும். மற்ற ஏழும் நீருக்குள் இறங்கிவிட்டன.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் மின்சாரம் வந்தது. அடுத்த சில நிமிடங்களில், விமான நிலையத்திலிருந்து கார் பிடித்து வந்த ஜெஃப்ரி வாசலில் இறங்கினான். நேரே உள்ளே போய்க் கண்ணாடியின்மேல் கவிழ்ந்து அழுதான். அழுது ஓய்ந்து, கூடத்தின் ஓரத்தில் சொட்டச் சொட்ட நின்றிருந்த மனைவியை அப்போதுதான் கண்டான். அவள் ஏன் நனைந்திருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

"டெபி, அஞ்சு மணிக்கு அப்பா ஏன் வெளிய போனாரு? ஆறுக்கு முன்னாடி எழுந்திரிக்கவே மாட்டாரே."

டெபோரா உதட்டை நனைத்துக்கொண்டாள். சொல்லிவிடுவதற்காகவே வாயைத் திறந்தாள்.

"இப்பல்லாம் சீக்கிரமே எழுந்துக்குறாரு," என்றாள் ஏஞ்சல், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல். "உனக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷமா நீயா இங்க இருந்த?"

ஜெஃப்ரி தலைகுனிந்தான். சவப்பெட்டியைக் கொண்டுவருகிறவர்களுக்கு வழிவிட எல்லோரும் விலகினார்கள். அந்த நெருக்கடியில் டெபோராவின் தோளை உரசிக்கொண்டு கடந்த ஏஞ்சல், "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க," என்றாள். அது வேண்டுகோளா, தண்டனையா என்று அறிய டெபோரா அவள் முகத்தைத் தேடினாள். ஏஞ்சல் அதற்குள் தந்தையின் காலடிக்குப் போய், அவருடைய சாக்ஸின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

சேலை மாற்ற நேரம் இருக்கவில்லை. பங்குத்தந்தை காத்திருந்தார், இருட்டுவதற்குள் அடக்கம் முடிய வேண்டும். வீட்டிலேயே ஜெபம் முடித்து, கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே போனார்கள். நனைந்த முந்தானையைக் கையில் சுருட்டி இறுகப் பற்றியபடி டெபோரா பெண்களோடு நடந்தாள். கன்னியம்மா அவளிடமிருந்து நான்கு அடி விலகியே வந்தாள்.

பெட்டி இறங்கியது. ஜெஃப்ரி முதல் பிடி மண்ணைப் போட்டான். பலகையின்மேல் அது விழுந்த ஓசை கேட்டு அவன் தோள்கள் குலுங்கின. அடுத்து டெபோரா குனிந்தாள். நாள் முழுதும் நீரில் கிடந்த விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மண்ணை அள்ளினாள். குழிக்கு மேலே நீட்டி உள்ளங்கையை விரித்தாள். விழவில்லை. கையின் ஈரத்தில் மண் குழைந்து, விரலிடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் உதறினாள், பாதி விழுந்தது. மற்றொரு கையால் வழித்தாள். அந்தக் கையிலும் அப்பிக்கொண்டது.

அவளுக்குப் பின்னால் ஏஞ்சல், ஒரு பிடி உலர்ந்த மண்ணோடு, அவசரப்படுத்தாமல் நின்றிருந்தாள்.